கதை தெரியும், இனி நாவலைப் படிக்கலாம்

‘செம்மீன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்தாயிற்று. கருத்தம்மாவுக்கும் பரீக்குட்டிக்கும் என்ன ஆனது என்று தெரியும். இனி அதன் மூல நாவலை எதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும்? புதிதாக நாவல் பக்கம் வருகிறவருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்.

கதை தெரிந்திருப்பது தடை இல்லை, வசதி. பெரிய நாவலைக் கையில் எடுக்கும் புதியவரின் பாதிச் சக்தி, யார் யாருக்கு என்ன உறவு, அடுத்து என்ன நடக்கும் என்பதிலேயே போய்விடும். அந்த வேலையைப் படம் ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம். நாவல் வாசிப்பின் ருசி அங்கேதான் இருக்கிறது.

கேரள எல்லையோரத்துத் தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு கை உண்டு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், களியக்காவிளை, செங்கோட்டை, குமுளி என்று எந்தப் பக்கம் இருந்தாலும், மலையாளப் படத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் சப்டைட்டில் வேண்டியதில்லை. மலையாள எழுத்து தெரியாமல் இருக்கலாம். பேச்சு காதில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவலைப் படிக்கும்போது இந்தக் காது எவ்வளவு உதவும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம்: தழுவல். நாவலைப் படமாக எடுப்பது மொழிபெயர்ப்பு மாதிரி வரிக்கு வரி நடக்கும் வேலை அல்ல. நாவலிலிருந்து ஒருவர் சிலதை எடுக்கிறார், பலதை விடுகிறார், இல்லாததைச் சேர்க்கிறார். மூன்றுமே நடக்கும், எப்போதும் நடக்கும். எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். கதைப்போக்கை ஏறக்குறைய அப்படியே பின்பற்றும் படம் உண்டு. கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வீடு கட்டும் படமும் உண்டு. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ அப்படிப்பட்டது. ஆகவே ‘நாவலில் இருக்கிற மாதிரியே எடுத்திருக்கிறார்களா’ என்ற கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிடலாம். அதில் கிடைப்பது ஆம், இல்லை என்ற பதில் மட்டும். எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேட்டால் நாவல், படம் இரண்டுமே விளங்கும்.

ஏன் விடுகிறார்கள்? முதல் காரணம் கடிகாரம். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது சினிமாவில் புழங்கும் கைக்கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு நூற்றைம்பது பக்கம், அதுவும் முக்கால்வாசி வசனம். ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதியது; ஐந்து பாகம், 293 அத்தியாயம். மணிரத்னம் 2022, 2023இல் எடுத்த இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கும் நேரத்திலேயே அந்த நிமிடம் தீர்ந்துபோகும். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் காணாமல் போனதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கோபப்பட ஒன்றுமில்லை, நிமிடம் இல்லை, அவ்வளவுதான். நாவலில் கடைசியாக மகுடம் யார் தலைக்குப் போகிறது என்பதும் படத்திலிருந்து வேறு. படம் பார்த்தவருக்கும் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதை இங்கே உடைக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நாவலில் யாரோ ஒருவர் நமக்குக் கதை சொல்கிறார். படத்தில் கேமரா காட்டுகிறது. சொல்லும் குரலை விட்டுவிட்டுக் கதையை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பதுதான் ஒவ்வொரு தழுவலும் சந்திக்கும் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்ள ஆகச் சிறந்த பாடப்புத்தகம் வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’. சின்னப் புத்தகம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். தமிழில் கவிஞர் சுகுமாரன் ‘மதில்கள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். திருவனந்தபுரம் மத்திய சிறை. சொல்கிறவர் பஷீரே; ‘நான்’ என்று சொல்கிறார். பெரிய மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கே நாராயணி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மதிலோரம் வந்து நிற்கிறேன் என்பதற்கு அடையாளமாக அவள் காய்ந்த சுள்ளி ஒன்றை மேலே எறிவாள். சுள்ளி வானத்தில் எழும். இந்தப் பக்கம் இவர் ஓடுவார். இவர் வளர்த்த ரோஜாச் செடி மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். கையில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சுள்ளி, ஒரு செடி, ஒரு குரல்.

அடூர் கோபாலகிருஷ்ணன் இதைப் படமாக்கியபோது நாராயணியைக் கடைசி வரை காட்டவே இல்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும் மதிலைத் தாண்டி வருகிறது. நாவலுக்கு இதைவிட விசுவாசமாக இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு விஷயம் மாறியிருக்கும். ஒன்று, புத்தகத்தில் நாராயணிக்குக் குரல்கூட இல்லை, அச்செழுத்துதான் இருக்கிறது. அவள் குரல் மெலிதா, கரகரப்பா, எவ்வளவு இழுத்துப் பேசுவாள் என்பதெல்லாம் படிக்கிறவர் கொடுப்பது. இரண்டு, புத்தகத்தில் பஷீரை நாம் பார்ப்பதில்லை. பஷீருக்குள் இருந்து மதிலைப் பார்க்கிறோம். படத்தில் மம்மூட்டி மதிலைப் பார்ப்பதைப் பார்க்கிறோம். ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகிவிட்டது. பஷீர் தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் இடங்கள் நடிகரின் முகத்தில் பாதிதான் வரும். தன்மையில், அதாவது ‘நான்’ என்று, சொல்லப்பட்ட நாவல் எதுவானாலும் படமாகும்போது நடக்கும் மாற்றம் இது. பின்னணியில் குரல் போட்டுச் சமாளிப்பார்கள். அதிகம் போட்டால் படம் வானொலி நாடகமாகிவிடும்.

யார் கண்வழியாக என்பது இடம் மாறினால் கதையே எப்படிப் புரளும் என்பதற்கு நாகர்கோவில் பக்கமிருந்தே ஓர் உதாரணம் உண்டு. ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003இல் வந்த நாவல். உடல் குறைபாடு உள்ளவர்களை வைத்துப் பிச்சையெடுக்கச் செய்து பிழைக்கும் போத்திவேலுப் பண்டாரம் அவர்களை ‘உருப்படி’ என்பார். நாவலின் குரூரம் இங்கே இல்லை. பண்டாரம் நல்ல அப்பா, பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்க அல்லாடுகிறவர், சாமி கும்பிடுகிறவர். நாம் அவரோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், அவர் கவலையோடு கவலைப்படுகிறோம். திடீரென்று ‘உருப்படி’ என்ற சொல் விழும்போது நமக்கே கூசுகிறது. 2009இல் பாலா இதிலிருந்து ‘நான் கடவுள்’ எடுத்தார்; வசனம் ஜெயமோகனே. ஆனால் நடுவில் வந்து நிற்பது காசியிலிருந்து வரும் அகோரிச் சாமியார். அந்த ஆள் நாவலில் இல்லை. நியாயம் தீர்க்க ஒருவர் வந்துவிட்டால் பார்வையாளருக்கு நிம்மதி கிடைத்துவிடும். நாவல் அந்த நிம்மதியைக் கொடுக்காது. படத்தில் பார்த்த கொடுமைதானே என்று நினைத்துப் புத்தகத்தை எடுப்பவர் தடுமாறும் இடம் இது. நாயகன் எப்போது வருவான் என்று காத்திருந்தால் நாவல் முடிந்துவிடும்.

நிகழ்ச்சிகளின் வரிசையும் மாறும். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. வெற்றிமாறன் அதிலிருந்து 2019இல் ‘அசுரன்’ எடுத்தார். நாவல் கொலையோடு தொடங்கிவிடுகிறது. சிதம்பரம் பதின்வயதுப் பையன். பிறகு அப்பனும் மகனும் ஒளிந்து திரியும் எட்டு நாள்தான் புத்தகம் முழுக்க. எங்கே படுத்தார்கள், எந்தக் கிணற்றில் இறங்கினார்கள், எதைப் பறித்து எப்படிச் சமைத்தார்கள் என்று கரிசல் காட்டின் ஒவ்வொரு முள்ளும் தெரியும். படமோ அப்பனுக்கு நீண்ட முன்கதை ஒன்றைக் கொடுத்து, நடுவில் அதை விரிக்கிறது. நட்சத்திரம் அப்பன் வேடத்தில் இருக்கிறார் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். படம் பார்த்துவிட்டு வருகிறவர் முதல் ஐம்பது பக்கத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார். நடக்கிறது. சோறு பொங்குகிறார்கள். பையன் அப்பாவிடம் கேள்வி கேட்கிறான். அப்பா கோபப்படாமல் பதில் சொல்கிறார். கொலை செய்த பிள்ளையிடம் ஒரு தகப்பன் எப்படிப் பேசுவான் என்பதுதான் நாவல். முன்கதை எங்கே என்று தேடாமல் படித்தால் பிடிபடும்.

ஜெயகாந்தனிடம் இந்தச் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி நீளம். முதலில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து சொன்னவளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரிய சச்சரவைக் கிளப்பியது. பிறகு அவரே, அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. சாகித்திய அகாதெமி விருது 1972இல். ஏ. பீம்சிங் இயக்கத்தில் படம் 1977இல், அந்தப் பெண் கங்காவாக லட்சுமி. இதில் வரிசை முக்கியம். சிறுகதையை முதலில் படியுங்கள், அரைமணி நேரம் போதும். ஏனென்றால் நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். அந்தச் சிறுகதையை எழுதியவர் அவர்தான், அதைக் கங்காவே படிக்கிறாள். சிறுகதை தெரியாமல் போனால் இந்த விளையாட்டு முழுக்கக் கைநழுவும். பிராமணப் பேச்சு நெருடினால் முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண் தடுக்கும் இடத்தில் காது தாண்டிவிடும்.

படம் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. புத்தகப் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் பாபுவும் ரங்கண்ணாவும் சங்கீதம் கேட்கும் பக்கங்கள் அபாரம். ஆனாலும் அது சங்கீதத்தைப் பற்றிய எழுத்து. 1995 படத்தில் காதில் விழுவது சங்கீதமே. (அதை எடுத்த ஞான ராஜசேகரன் கேரளத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர்.) ‘செம்மீன்’ கடலும் அப்படித்தான். ராமு காரியாட்டின் படத்துக்கு 1965இல் ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, ‘மாயாபஜா’ருக்குக் கேமரா பிடித்த அதே ஆள், இசை சலீல் சௌத்ரி. சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் தென்னிந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது இந்தப் படத்தால். தமிழுக்கு அந்த மரியாதை ‘மறுபக்கம்’ மூலம் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’தான் அதன் மூலம், இயக்கியவர் பாலக்காட்டில் பிறந்த கே.எஸ். சேதுமாதவன். கேசவதேவின் ‘ஓடையில் நின்னு’ நாவலை மலையாளத்தில் எடுத்தவரும் அவரே. அது பிறகு தமிழில் சிவாஜி நடிக்க ‘பாபு’ ஆனது. ரிக்‌ஷாக்காரர் கதை என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே நினைவு வரும்.

‘செம்மீ’னை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் வெளியிட்ட நாவல். தமிழாக்கம் சுந்தர ராமசாமி. நாகர்கோவில்காரர், சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். சாகித்திய அகாதெமி வெளியீடு. படம் மனதில் காதல் கதையாகத் தங்கியிருக்கும், பாட்டுகளின் வேலை அது. நாவலைத் திறந்தால் முதல் பேச்சே வேறு. அப்பன் வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்கிறாள் கருத்தம்மா. பரீக்குட்டி மீன் வியாபாரி, கொச்சு (சின்ன) முதலாளி. மீனை எனக்கு விற்பீர்களா என்கிறான் அவன். நல்ல விலை கொடுத்தால் விற்போம் என்கிறாள் இவள். இருவரும் சிரிக்கிறார்கள். காதலின் முதல் சொல்லே கொள்முதல், விலை. அங்கிருந்து பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் என்ற சொல்லோ பணப் பேச்சோ வரும் பக்கமெல்லாம் ஓரத்தில் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போங்கள். அவள் அப்பன் செம்பன்குஞ்ஞு பரீக்குட்டியிடம் வாங்கியது, திருப்பித் தராதது, அந்தக் கடன் மகளின் மனசில் முள்ளாக நிற்பது என்று பாதிப் புத்தகம் கோடாகிவிடும். கடலுக்குப் போன அரயனின் (மீனவனின்) உயிர் கரையில் இருக்கும் அரயத்தியின் (அவன் மனைவியின்) நெறியில் இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடியில் ஓடும் இந்தக் கணக்கு வழக்குதான் நாவலின் முதுகெலும்பு. படத்திலும் அது உண்டு; ஆனால் பாட்டு வந்தால் கணக்கு மறந்துவிடும்.

இங்கேதான் எல்லைக்காரரின் காது வேலை செய்கிறது. வெள்ளம் என்றால் குடிதண்ணீர் என்று பாலக்காட்டுத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; சென்னை வாசகர் ஒரு நிமிடம் ஆற்றுப் பெருக்கைத் தேடுவார். பட்டி என்றால் நாய், அம்மாவன் என்றால் தாய்மாமன். தறவாடு (கூட்டுக்குடும்ப வீடு), சம்பந்தம் (கணவன் மனைவி வீட்டுக்கு வந்துபோகும் மணமுறை), மருமக்கத்தாயம் (தாய்வழி உரிமை) என்ற மூன்றும் தெரியாமல் எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’க்குள் நுழைந்தால், வீட்டில் ஏன் மாமன் அதிகாரம் செய்கிறார் என்று புத்தகம் முழுக்கக் குழப்பம்தான். பழைய நாயர் குடும்பங்களில் சொத்தும் குலமும் தாய்வழி. வீட்டுத் தலைவரான காரணவர் அம்மாவன். இந்த ஒரு வரி போதும். ‘செம்மீ’னுக்குச் ‘சாகர’ என்ற சொல் வேண்டும். மழைக்காலத்தில் ஆலப்புழைக் கரையோரம் சேறு கலங்கி, அந்தப் பகுதியில் மட்டும் அலை அடங்கி, மீன் குவியும் காலம் அது. கடற்கரைக்குக் கொண்டாட்ட நாட்கள். இதைத் தெரிந்துகொண்டால் யார் எப்போது தாராளமாகச் செலவழிக்கிறார்கள் என்பது புரியும்.

எல்லை மொழி தமிழ் நாவலிலும் உண்டு. ‘ஏழாம் உலக’த்தின் பேச்சில் ஓர்மை (நினைவு), கொள்ளாம் (நன்றாயிருக்கிறது) என்று குமரி மாவட்டத்துச் சொற்கள் ததும்பும், மார்த்தாண்டத்துக்காரருக்கு வீட்டுப் பேச்சு, தஞ்சாவூர்க்காரருக்கு இருபது பக்கம் முட்டும். நாஞ்சில் நாடன் 1977இல் எழுதிய ‘தலைகீழ் விகிதங்கள்’ நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுச் சாப்பாடு, கேலி, கல்யாணப் பேரம் எல்லாம் அந்த மண்ணின் பேச்சிலேயே நடக்கும் நாவல். 2002இல் தங்கர் பச்சான் ‘சொல்ல மறந்த கதை’யாக எடுத்தபோது கதை வந்தது, அந்தப் பேச்சு வரவில்லை. படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, மண்ணை மாற்றினால் மொழி மாறத்தான் வேண்டும். ஆனால் நாஞ்சில் நாடனைப் படிப்பதற்கான முக்கால்வாசிக் காரணம் அந்த மொழிதான்.

வால்பாறை, மளுக்கப்பாறை பக்கம் உள்ளவர்களுக்கு ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல், தமிழில் இரா. முருகவேள். பாலாவின் ‘பரதேசி’ 2013இல் இதிலிருந்து கிளைத்தது. நாவலில் கருப்பனும் வள்ளியும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்தே மலையேறுகிறார்கள். படத்தில் நாயகன் காதலியை ஊரில் விட்டுவிட்டு ஏறுகிறான். இந்த ஒரு மாற்றத்தால் படம் பிரிவின் கதையாகிறது. நாவலோ ஒரு குடும்பம் கொழுந்துக் கூடைக்கும் துரையின் அதட்டலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும் கதை. மருத்துவர் பாத்திரத்தை இரண்டிலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், எழுதியவரே தோட்டத்து மருத்துவர் என்பதை மறக்காமல்.

இனி செய்முறை.

படத்தைப் பார்த்த மறுநாளே புத்தகத்தைத் திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் போகட்டும். உடனே திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நடிகர் முகம் வந்து உட்காரும். கொஞ்ச நாள் கழித்து முகம் மங்கும், கதை மட்டும் நிற்கும். புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு அரைத்தாளில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: படம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, யாருடைய கதை, மனதில் நிற்கும் காட்சி எது. தாளை மடித்துப் பின்னட்டையில் செருகிவிட்டு மறந்துவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘படத்தில் இப்படி இல்லையே’ என்று சரிபார்ப்பதைப் போலச் சலிப்பான வேலை கிடையாது. பாதியில் கைவிடுபவர்களில் அனேகம் பேர் இந்தச் சரிபார்ப்பில்தான் விழுகிறார்கள். ஒப்பிடுவது கடைசிப் பக்கத்துக்குப் பிறகு.

வேகம்: பழக்கமில்லாதவருக்கு ஒரு பக்கம் இரண்டு நிமிடம் பிடிக்கும். நாளுக்கு இருபது பக்கம், அதாவது நாற்பது நிமிடம். முந்நூற்றைம்பது பக்க நாவல் பதினெட்டு நாளில் முடியும். பாலக்காடு–கோவை பஸ்ஸில் தினம் போய் வருகிறவருக்கு இது தனியாக ஒதுக்க வேண்டிய நேரமே அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நூறு பக்கம் என்று இறங்கினால் அடுத்த ஞாயிறு வரை புத்தகம் அலமாரியில் தூங்கும். திரும்ப எடுக்கும்போது பெயர்கள் மறந்திருக்கும். தொடர்கதையாக வந்த நாவல்களை அத்தியாயக் கணக்கில் படிக்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ போன்றவற்றில் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் பத்திரிகையை வாங்க வைக்கும் கொக்கியோடு முடியும். இருபது அத்தியாயம் தொடர்ந்து படித்தால் கொக்கி மேல் கொக்கியாகத் திகட்டும். நாளுக்கு மூன்று சரியான அளவு. கல்கி மூன்று மாதத்துச் சாப்பாடு.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் கடையில் பத்து விதமாகக் கிடைக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் சில சமயம் சுருக்கப் பதிப்பாக இருக்கும், அட்டையில் அது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பொருளடக்கத்தை எண்ணிவிடுங்கள். முதல் பாகத்தில் 57, இரண்டில் 53, மூன்றிலும் நான்கிலும் 46, ஐந்தில் 91. குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். காசு செலவழிக்காமல் படிக்க மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு இருக்கிறது. கேரளப் பக்கம் இருப்பவர்கள் ஊர் வாசகசாலையை மறந்துவிட வேண்டாம். பி.என். பணிக்கர் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கத்தால் சின்ன ஊர்களிலும் நூலகம் உண்டு. தமிழர் அதிகம் உள்ள இடங்களில் தமிழ் அலமாரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் உள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரும், எந்த மொழியிலிருந்து என்பதும் இருக்க வேண்டும். மலையாள நாவல் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் அம்மாவனும் மாமாதான், சித்தப்பாவும் மாமாதான் ஆகிவிடும். நேரே மலையாளத்திலிருந்து செய்ததை எடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? ‘மதில்கள்’ முதலில். இரண்டாவது ‘வெக்கை’. பிறகு ‘செம்மீன்’. இந்த மூன்றையும் முடித்தவர் ஜெயகாந்தனுக்குப் போகலாம், தி. ஜானகிராமனுக்குப் போகலாம். ‘ஏழாம் உலக’த்தை முதல் புத்தகமாக எடுப்பது சரிவராது, மொழி கைகொடுத்தாலும் மனசு தாங்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ விதிவிலக்கு: வாசிப்புப் பழக்கமே இல்லாதவரையும் இழுத்துக்கொண்டு போகும், ஆனால் பெயர்ப் பட்டியல் வேண்டும். அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், பின்னாளின் ராஜராஜர் மூவரும் ஒருவரே என்பது படம் பார்த்தவருக்குத் தெரியும். நாவலில் இன்னும் பலருக்கு இப்படி இரட்டைப் பெயர். முதல் பாகம் முடியும் வரை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

நாவலை முடித்ததும் அந்த அரைத்தாளை எடுங்கள். நாவல் எங்கே தொடங்கியது, யாருடைய கதை என்று அதே நான்கு கேள்விக்கும் பக்கத்தில் பதில் எழுதுங்கள். பிறகு படத்தில் மூன்று காட்சி மட்டும் திரும்பப் பாருங்கள்: தொடக்கம், முடிவு, மனதில் நின்றது. முழுப் படம் வேண்டாம். ‘மதிலுக’ளுக்கு என்றால் சுள்ளி மேலே எழும் காட்சியைப் பாருங்கள். வீட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர் இருந்தால், அந்தப் பக்கத்தை மூலத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, சுகுமாரனின் தமிழை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேளுங்கள்.